அளவா, நேரமா? லெவோடோபாவைச் சுற்றிய அறுபதாண்டு வாதம்

பார்க்கின்சன் நோயின் உடலியக்கக் குறைபாடுகளுக்கு லெவோடோபாவை விஞ்சிய மாத்திரை 1960களுக்குப் பின் வரவில்லை. இதில் மருத்துவ உலகம் ஒத்துப்போகிறது. அடுத்த கேள்வியில்தான் பிரிகிறது. அந்த மாத்திரையை எப்போது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, பக்கவிளைவு தலைகாட்டினால் எதை முதலில் குறைப்பது? இக்கேள்விகளுக்குப் பத்தாண்டுக்கு ஒரு விடை வந்திருக்கிறது. ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தியதைக் கண்டித்தபடிதான் வந்தது.

இந்த வாதம் தமிழருக்குத் தொலைவில் நடப்பதன்று. ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில், சுரங்க ரயிலின் இரண்டாம் தடம் எல்லிங்ஸ்ருட்ஓசன் நிலையத்தில் முடிகிறது. அதைச் சுற்றிய எல்லிங்ஸ்ருட்டும் அது சேர்ந்த குரூருட்டாலன் பள்ளத்தாக்கும் ஈழத்தமிழர் கணிசமாகக் குடியேறிய பகுதிகள். அந்தோணி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்தார். 1970களிலும் 80களிலும் அவருக்குப் பின்னால் இளைஞர்களாக வந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தொட்டிருக்கிறார்கள். பார்க்கின்சன் பெரும்பாலும் அறுபதுக்கு மேல் வரும் நோய். ஒரு சமூகம் புலம்பெயர்ந்த மண்ணில் முதன்முறையாக முதுமையடையும்போது, இதுவரை பாடநூலில் இருந்த வாதம் அதன் சமையலறை மேசைக்கு வந்து சேர்கிறது.

வேரும் விதையும்

லெவோடோபாவின் கதையில் இரண்டு இந்தியச் செடிகள் வருகின்றன. ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து பிரித்த ரிசர்பினைச் செலுத்தி முயல்களை அசையாமல் முடக்கினார் சுவீடனின் அர்விட் கார்ல்சன். பின்னர் லெவோடோபா கொடுத்து அவற்றை எழுப்பினார். 1957இல் வெளியான அந்த ஆய்வே மூளையில் டோபமீனின் பங்கைக் காட்டியது. 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசிலும் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தது. மற்றது பூனைக்காலி. 1937இல் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் இராமசுவாமியும் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் எரிங்கரும் பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமீன் வற்றியிருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதே நகரில் பிர்க்மாயர் லெவோடோபாவை நரம்புவழி செலுத்தினார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்; சில மணி நேரத்தில் மீண்டும் முடங்கினார்கள். மற்ற இடங்களில் சிறிய அளவில் கொடுத்தவர்களுக்கு வாந்தியே மிஞ்சியதால் பலர் கைவிட்டார்கள். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் வேறு வழியில் போனார். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்துப் பொறுத்து உயர்த்தி, நாளொன்றுக்குப் பல கிராம் வரை கொண்டுபோனார். மருந்து ஏறத்தாழ அதேதான். அளவை ஏற்றிய விதம் மாறியதும் தோற்ற மருந்து வென்றது. இந்த நோயில் அளவை நிர்வகிப்பதே பாதி வைத்தியம் என்பது முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

1970களின் முற்பாதியில் கார்பிடோபாவும் பென்செரசைடும் கூட்டாளிகளாக வந்தன. இவை மூளைக்குள் நுழையாமல், குடலிலும் குருதியிலும் லெவோடோபா வீணாக டோபமீன் ஆவதைத் தடுக்கின்றன. வாந்தி குறைந்தது, கிராம் கணக்கு மில்லிகிராம் கணக்காக இறங்கியது. இன்று நாளுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் என்பது ஆரம்பகால நோயாளிக்குச் சாதாரண அளவு.

தேனிலவுக்குப் பின்

முதற்சில ஆண்டுகளில் மூன்று வேளை மாத்திரை நாள் முழுவதையும் தாங்கும். லெவோடோபா குருதியில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆனாலும் எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் டோபமீனைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் நோயாளிக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் தெரிவதில்லை. நோய் முற்ற முற்றச் சேமிப்பறைகள் குறைகின்றன. அப்புறம் குருதியில் மருந்து ஏறினால் உடல் இயங்கும், இறங்கினால் உடல் இறுகும். மாத்திரைக்கு முந்திய அரைமணியில் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. மாத்திரை உச்சத்தில் இருக்கையில் தலையும் தோளும் தானாக நெளிகின்றன. முன்னதை மருந்து இறங்கும் நேரம் என்றும், பின்னதை மிகையியக்கம் என்றும் கொள்ளலாம்.

நோய் முற்றியதால் இப்படி ஆகிறதா, மருந்து நாளடைவில் மூளையைக் கெடுத்ததால் ஆகிறதா? கண்ணுக்குத் தெரிவது ஒரே வரிசைதான்: முதலில் மருந்து, பிறகு சிக்கல். இந்த வரிசையைக் காரணமாக எடுத்துக்கொண்டதிலிருந்தே முதற்கட்சி பிறந்தது.

தள்ளிப்போடச் சொன்னவர்கள்

லெவோடோபாவைக் கூடியவரை தாமதப்படுத்த வேண்டும் என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. அதற்கு இரண்டு கால்கள் இருந்தன. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் லெவோடோபா நரம்பணுக்களைக் கொன்றது ஒன்று. மருந்தின் பயன் சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்ற கணக்கு மற்றது. இன்றே செலவழித்துவிட்டால் நாளைக்கு இராது என்ற சிக்கனக் கணக்கு. ஸ்டான்லி ஃபானும் சூசன் பிரெஸ்மனும் 1984இல் முன்கூட்டித் தொடங்குவதற்கு எதிராக வாதிட்டார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே மார்க்கமும் டயமண்டும் நேரெதிர்ச் சான்று காட்டியிருந்தார்கள். சிக்கல்கள் நோய் தொடங்கிய நாளைப் பொறுத்து வருகின்றன, மருந்து தொடங்கிய நாளைப் பொறுத்து அல்ல என்பது அவர்களது முடிவு. அது நெடுங்காலம் காதில் ஏறவில்லை. பயத்தை ஊட்டும் கருத்துக்குக் கால் முளைக்கும் வேகம், ஆறுதல் தரும் கருத்துக்கு முளைப்பதில்லை.

முதல் கால், கண்ணாடித் தட்டின் கால், வலுவற்றது. தட்டில் ஊற்றிய செறிவு உயிருள்ள மூளையில் எட்டப்படுவதில்லை. துணை அணுக்களும் உடன் இருந்தால் அதே மருந்து அணுக்களைக் காக்கவும் செய்தது. 2004இல் வெளியான எல்டோபா ஆய்வு இதை மனிதரிடமே சோதித்தது. 361 பேர், 40 வாரம். சிலருக்கு வெற்று மாத்திரை, மற்றவர்களுக்கு நாளுக்கு 150, 300 அல்லது 600 மில்லிகிராம். பின்பு இரண்டு வாரம் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். மருந்து நஞ்சென்றால் அதை உண்டவர்கள் மோசமாகியிருக்க வேண்டும். அவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் மூளை ஸ்கேன் எதிர்த்திசையில் சாட்சி சொன்னது. மருந்து உண்டவர்களின் படத்தில் டோபமீன் முனைகள் வேகமாகக் குறைந்ததுபோல் தெரிந்தது. மருந்தே படத்தை மாற்றியிருக்கலாம் என்பதே பெரும்பான்மை விளக்கம். வேறொரு விவரத்தில் ஐயம் இல்லை. 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 16.5 விழுக்காட்டினருக்கு மிகையியக்கம் வந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 3.3 விழுக்காடு. நஞ்சு இல்லை, ஆனால் அளவுக்கு ஒரு விலை உண்டு.

2019இல் நெதர்லாந்தின் லீப் ஆய்வு கேள்வியை நேராகவே கேட்டது. 445 பேரில் பாதிப்பேர் 100 மில்லிகிராம் வீதம் மூன்று வேளையை உடனே தொடங்கினார்கள்; மறுபாதியினர் 40 வாரம் கழித்து. 80ஆம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. முந்தியதால் கெடுதலும் இல்லை, நோயின் போக்கில் இலாபமும் இல்லை. அளவு சிறியது, காலம் குறுகியது என்பது இந்த ஆய்வின் வரம்பு.

மாற்று வழியின் விலை

தள்ளிப்போடும் கட்சி கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. இடைக்காலத்துக்கு வேறு மருந்துகளை முன்வைத்தது. அவற்றில் முதலாவது செலிகிலின். அது நோயையே மெதுவாக்கும் என்ற நம்பிக்கை 1989இன் டாட்டாடாப் ஆய்வால் எழுந்தது. 1995இல் பிரித்தானிய ஆய்வொன்று லெவோடோபாவுடன் செலிகிலின் சேர்த்தவர்களிடம் இறப்பு கூடுதலாகக் காட்டியதும் நம்பிக்கை பீதியானது. நோர்வே-டென்மார்க் கூட்டு ஆய்வு இங்கே நிதானம் கொண்டுவந்தது. ஐந்தாண்டு நடந்து 1999இல் வெளியான அதில், செலிகிலின் சேர்த்தவர்களுக்குக் குறைந்த லெவோடோபாவே போதுமானதாக இருந்தது, இறப்பு கூடவில்லை. இன்று இவ்வகை மருந்துகள் மெல்லிய பயனும் மெல்லிய தொல்லையும் உள்ள துணைவர்களாக மதிக்கப்படுகின்றன.

பெரிய பந்தயம் டோபமீனைப் போல நடிக்கும் மருந்துகளின் மேல் கட்டப்பட்டது: ரோபினிரோல், பிராமிபெக்சோல், பிற்காலத்தில் ரோடிகோட்டின் ஒட்டு. 2000இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில் ரோபினிரோலில் தொடங்கியவர்களில் 20 விழுக்காட்டினருக்கும், லெவோடோபாவில் தொடங்கியவர்களில் 45 விழுக்காட்டினருக்கும் மிகையியக்கம் வந்தது. இந்த இரண்டு எண்களும் பத்தாண்டு காலம் மருந்துச் சீட்டுகளை ஆண்டன. அவற்றுடன் அதே ஆய்விலேயே இருந்த வேறொன்று, அதாவது அன்றாட இயக்கத்தில் லெவோடோபாக்காரர்களே மேலாக இருந்தது, உரக்கச் சொல்லப்படவில்லை.

பிறகு விலைப்பட்டியல் ஒவ்வொன்றாக வந்தது. 1999இல் பிராமிபெக்சோலும் ரோபினிரோலும் எடுத்தவர்கள் வண்டி ஓட்டும்போதே முன்னறிவிப்பின்றித் தூங்கிய நிகழ்வுகள் பதிவாயின. 2007இல் இக்குடும்பத்தின் பழைய உறுப்பினர்களான பெர்கோலைடும் காபர்கோலினும் இதய வால்வைத் தடிப்பாக்குவது உறுதியானது. 2010இன் டொமினியன் ஆய்வு 3,090 நோயாளிகளைப் பார்த்தது. இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத கொள்முதல், மிகைக் காமம், வெறித்தீனி ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 6.9. மணிக்கணக்கில் ஒரே பொருளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டும் பழக்கமும் இதன் உறவு. அதன் மருத்துவப் பெயரான ‘புண்டிங்’ ஆம்ஃபெட்டமின் பழகிய சுவீடன்காரர்களின் கொச்சைச் சொல். ரைலாண்டர் 1972இல் அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் சோர்வும் கலந்த விலகல் நோய் வருவதும் 2010இல் விவரிக்கப்பட்டது. எனவே இதைக் குறைப்பதும் படிப்படியாகத்தான்.

சூதாட்டம், காமம் போன்ற இந்தப் பக்கவிளைவுகள் நோயாளியின் வாயிலிருந்து வருவது அரிது. வங்கிக் கணக்கு வெறுமையாவதைக் கணவனோ மனைவியோ கவனிக்கலாம். காமம் சார்ந்ததைக் கவனித்தாலும் சொல்லமாட்டார்கள். மகளோ மகனோ மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை, அல்லது பாதியில் மழுங்கிப் போகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் மொழிபெயர்ப்புச் சட்டம் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை வேண்டுவதும், சிறுவரை அப்பணிக்கு அமர்த்துவதைத் தடுப்பதும் பொதுவான நீதிக்காகத்தான். பார்க்கின்சன் மருந்து அளவு என்ற சிறிய விஷயத்திலும் அச்சட்டத்துக்கு நேரடி வேலை இருக்கிறது.

கானாவும் மேற்கு நோர்வேயும்

எல்லோருக்கும் மருந்து கிடைக்கும் நாட்டில் நோயின் காலத்தையும் மருந்தின் காலத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். இரண்டும் சேர்ந்தே ஓடும். அதனால்தான் ரொபெர்த்தோ சிலியாவின் குழு கானாவுக்குப் போனது. அங்கே மருந்து வாங்க வழியில்லாமல் பல ஆண்டுகள் கழித்தே லெவோடோபா தொடங்கியவர்கள் இருந்தார்கள். 2014இல் வெளியான ஒப்பீடு அவர்களை இத்தாலிய நோயாளிகளோடு வைத்துப் பார்த்தது. தாமதமாகத் தொடங்கிய கானாக்காரர்களுக்கு மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே சிக்கல்கள் வந்தன. நோய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் இரு நாட்டவருக்கும் ஏறத்தாழ ஒரே காலம். தாமதித்து மிச்சம்பிடித்தது எதுவும் இல்லை. இழந்தது நன்றாக நடந்திருக்கக்கூடிய ஆண்டுகளை. உடல் எடைக்கு ஏற்ற மருந்தின் அளவு மட்டும் மிகையியக்கத்தோடு தொடர்பு காட்டியது. மெலிந்த உடல்வாகுள்ள முதியவருக்கு, நோர்வேஜியச் சராசரி எடையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அதே 600 மில்லிகிராம் உண்மையில் பெரிய அளவு என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைக் குறிப்பு.

கானா ஆய்வு ஓர் ஒப்பீடு. காலப்போக்கைப் பார்க்க நோர்வேயின் பார்க்வெஸ்ட் உதவுகிறது. 2004 முதல் 2006 வரை மேற்கு, தெற்கு நோர்வேயில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களை, சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று வடிகட்டாமல், சேர்த்துப் பின்தொடர்ந்த ஆய்வு அது. ஐந்து ஆண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இயக்கச் சிக்கல் ஏதேனும் ஒன்று தோன்றியது; பெரும்பாலும் லேசானவை. மருத்துவமனைக் கதைகள் தந்த அச்சத்தோடு ஒப்பிட்டால் இது தணிவான படம். அதேசமயம் சிட்னியின் நெடுங்கால ஆய்வு 15 ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்களைப் பார்த்தபோது, அவர்களை உண்மையில் வாட்டியது மிகையியக்கம் அன்று. விழுதல், நினைவிழப்பு, மாயத்தோற்றம். மாத்திரை எட்டாத இடங்கள் அவை.

பிரித்தானியாவின் பிடி-மெட் ஆய்வு 1,620 பேரிடம் வாழ்க்கைத்தரத்தைக் கேட்டு, 2014இல் லெவோடோபாவில் தொடங்கியவர்களுக்குச் சிறிதாயினும் நீடித்த மேன்மை கண்டது. தள்ளிப்போடும் கட்சி இதன்பின் கொள்கையளவில் தோற்றுவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் நாற்பது வயதில் நோய் வந்தவருக்கு மிகையியக்கத்தின் வாய்ப்பு மிகுதி என்பதால், அவரிடத்தில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

கடிகாரத்தின் பக்கம்

அளவைப் பற்றிய வாதம் ஓயும் முன்பே நேரத்தைப் பற்றிய வாதம் தொடங்கியிருந்தது. ஜான் நட்டின் குழு 1984இல் லெவோடோபாவை நரம்புவழி இடைவிடாமல் செலுத்தியபோது ஏற்ற இறக்கம் அடங்கியது. புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தபோது, குருதியில் மருந்து குறையாமலேயே, உடல் இறுகியது. உணவின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே படகுக்குக் காத்திருப்பவை. மருந்து முதலில் ஏற வேண்டும்.

உணவுக்கு அரைமணி முன் அல்லது ஒருமணி பின் என்ற பொதுவிதி இதிலிருந்து வந்தது. நோர்வேயின் உணவுக் குறிப்பேடு இறைச்சி, மீன், பாற்கட்டி என்று பட்டியலிடும். தமிழ் வீட்டில் புரதம் வேறு உருவில் வருகிறது: காலையில் உழுந்து சேர்ந்த தோசை, மதியம் பருப்பும் மீன் குழம்பும், மாலைத் தேநீரில் பாதிக்குப் பாதி பால். ‘இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்ற பதிலைக் கேட்டு மருத்துவர் புரதத்தைப் பற்றிய பேச்சை முடித்துக்கொண்டால், பால்தேநீரோடு விழுங்கும் எட்டுமணி மாத்திரை அகப்படாமல் போகிறது. புரதத்தை வெட்டிவிடுவதும் தீர்வு ஆகாது. இந்நோயில் எடை தானாகவே குறையும். புரதத்தின் பெரும்பங்கை இரவு உணவுக்குத் தள்ளுவது ஏற்ற இறக்கம் உள்ளவர்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. கந்தசஷ்டி போன்ற விரதத்தில் வெறும் வயிறு மருந்தை வேகமாக ஏற்றும். நீரும் குறைந்தால் இரத்த அழுத்தம் சரியும். விரதம் இருப்பதற்காக மாத்திரையையும் விட்டுவிடுவதுதான் ஆகப்பெரிய அபாயம்.

மாத்திரை வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால்தான் வேலை செய்யும். பார்க்கின்சன் வயிற்றையும் மந்தமாக்குகிறது. மலச்சிக்கல் நீங்கியதும் ‘மருந்து பிடிக்கத்’ தொடங்கிய நோயாளிகள் உண்டு. 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவே லெவோடோபாவைத் தின்று டோபமீனாக்குவதைக் காட்டியது. அளவு போதவில்லை என்று மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

அட்டையில் அச்சிட்ட எண்ணும் ஒரு பொறி. நோர்வேயில் சினெமெட் அட்டையில் 25, 100 என்று கார்பிடோபாவும் லெவோடோபாவும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இந்தியாவின் சிண்டோபாவில் 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. இரண்டும் கூட்டிய தொகை. 275 என்றால் 250உம் 25உம். ஊருக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்து 110 வாங்கினால் லெவோடோபா அதேதான்; கார்பிடோபா பாதிக்கும் குறைவு. நாளுக்குக் குறைந்தது 70 மில்லிகிராம் கார்பிடோபா தேவை என்பதால், மூன்று வேளை 110 எடுப்பவருக்குக் குமட்டல் திரும்பி வரும். அவர் அதை ஊர்த் தண்ணீரின் மேல் போடுவார். ஒஸ்லோவுக்கும் கொழும்புக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். பயண நாளில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட வேளைகளுக்கு இடைப்பட்ட மணிகளை எண்ணுவதே பொருந்தும்.

நேரத்தைச் சீராக்கினால் சிக்கலே வராமல் தடுக்கலாம் என்ற கருதுகோள் மட்டும் நொறுங்கியது. ஸ்டிரைட்-பிடி ஆய்வில் 747 பேர். லெவோடோபாவின் ஆயுளை நீட்டும் என்டகபோனைத் தொடக்கத்திலேயே சேர்த்து, மூன்றரை மணிக்கு ஒருமுறை கொடுத்தார்கள். 2010இல் வந்த முடிவில் மிகையியக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது, விரைவாகவும் வந்திருந்தது. விட்டுவிட்டு நான்கு உச்சங்கள் உண்டாவது இடைவிடாத ஓட்டம் ஆகாது என்பது ஒரு விளக்கம். மொத்த அளவு கூடியதே காரணம் என்பது மற்றொன்று. இதே தரவை மறுபடி ஆராய்ந்தபோது நாளுக்கு 400 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுத்தவர்களிடம் சிக்கல் அரிதாக இருந்தது.

உண்மையான இடைவிடாத ஓட்டத்துக்குக் குழாய் வேண்டும். சுவீடனின் உப்சாலாவில் உருவான குடல்வழிக் கூழ், மாத்திரையோடு ஒப்பிட்ட 2014 ஆய்வில் இறுகிய நேரத்தை நாளுக்கு நான்கு மணி குறைத்தது. மாத்திரைக் குழுவில் குறைந்தது இரண்டு மணி. தோலடியில் செலுத்தும் ஃபோஸ்லெவோடோபா அண்மையில் சேர்ந்திருக்கிறது; வயிற்றில் துளை தேவையில்லை, ஆனால் ஊசி நின்ற இடத்தில் புண்ணும் கட்டியும். ஆழ்மூளைத் தூண்டல் செய்தபின் மருந்தைப் பாதியாகக்கூடக் குறைக்க முடிகிறது. அவசரமாகக் குறைத்தால் எதிலும் பற்றற்ற மந்தம் கவிகிறது.

நடுக்கம் என்ற ஒரே சொல்

பக்கவிளைவை நிர்வகிக்க முதலில் அதைப் பெயரிட வேண்டும். தமிழில் இங்கேதான் சிக்கல். மருந்து குறைந்ததால் கை தாளகதியில் ஆடுவதும் நடுக்கம். மருந்து மிகுந்ததால் உடல் முறுக்கி நெளிவதும் பேச்சுவழக்கில் நடுக்கமே, அல்லது ஆட்டம். ‘நடுக்கம் கூடிப்போச்சு’ என்று சொன்னது நோர்வேஜியத்தில் ‘ஷெல்விங்’ ஆகிப் போய்ச் சேர்ந்தால், மருத்துவர் மருந்தைக் கூட்டுவார். ஆட்டம் மிகையியக்கமாக இருந்தால் வேண்டியது நேர்மாறு. கேட்க வேண்டியது வேறு: மாத்திரை எடுத்து எவ்வளவு நேரத்தில் ஆடியது? இருந்த இடத்தில் கை மட்டும் ஒரே சீராக ஆடியதா, தோளும் இடுப்பும் நடனம்போல் நெளிந்ததா? நோயாளி தவித்தாரா, வீட்டார் மட்டுமா? மிகையியக்கம் நோயாளிக்குப் பெரும்பாலும் உறைப்பதில்லை; இறுகிக் கிடப்பதைவிட நெளிவோடு நடப்பதையே பலர் விரும்புவார்கள். ஒரு நாள் முழுதும் அரைமணிக்கு ஒரு குறிப்பு எழுதிய தாளோ, கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடப் படமோ பதினைந்து நிமிடச் சந்திப்பின் விவரணையை விட அதிகம் சொல்லும்.

மாயத்தோற்றத்துக்கும் இதே கதி. அறையில் யாரோ கடந்து போனதுபோல் தோன்றுவது, இறந்த தாய் கட்டிலருகே நிற்பது ஆகியவை மருந்தின் விளைவாகவோ நோயின் கட்டமாகவோ இருக்கலாம். வீட்டில் அதற்கு வேறு விளக்கம் கிடைத்துவிட்டால் மருத்துவர்வரை போகாது. வைத்திய ஒழுங்கில் முதலில் தொற்றும் நீர்வறட்சியும் உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு மருந்துகளை ஒரு வரிசையில் விலக்குவார்கள்: அசெட்டில்கோலின் எதிர்மருந்துகள், அமண்டடின், செலிகிலின் வகை, டோபமீனைப் போல நடிக்கும் மருந்துகள். லெவோடோபா கடைசியில். அதன்பின்னும் நீடித்தால் சிறு அளவு குளோசபின் பயன்தரும் என்பது 1999 முதல் நிறுவப்பட்டது; அதற்கு இரத்த அணுக்களைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். நோர்வேயின் ரூகலாண்டில் டாக் ஆர்ஸ்லாண்டின் குழு எட்டாண்டு பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் 78 விழுக்காட்டினருக்கு மறதிநோய் வந்திருந்தது. நடையை மீட்கக் கூட்டும் ஒவ்வொரு மில்லிகிராமும் தெளிவிலிருந்து கழிக்கப்படும் காலம் ஒன்று பலருக்கும் வரும் என்பது அதன் பொருள்.

மருந்தே எதிரியாகும் வேறு சந்தர்ப்பமும் உண்டு. குமட்டலுக்கு நோர்வேயில் அஃபிப்ரான் என்று கிடைக்கும் மெட்டோகுளோபிரமைடு, குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடோல், ஊரில் தலைச்சுற்றுக்குச் சாதாரணமாக எழுதப்படும் ஸ்டெமெட்டில், சின்னரிசின், ஃபுளூனரிசின் எல்லாம் டோபமீனின் வாசலை அடைப்பவை. ஊரிலிருந்து வந்த பெட்டியில் இவை இருந்தால், ஒஸ்லோவில் எத்தனை மாத்திரை கூட்டினாலும் பயனிராது. மருந்து சரியாக இருந்தும் நேரம் தவறுவது இன்னோர் ஆபத்து. பிரித்தானியாவில் 2006இல் தொடங்கிய ‘நேரத்துக்குக் கொடு’ இயக்கம் மருத்துவமனை வார்டின் எட்டு மணி, இரண்டு மணிச் சுற்றுக்கு எதிராக எழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவருக்கு நான்கு வேளை தவறினால் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். வீட்டுத் தாதியின் வருகையிலும் அதே நெருடல் உண்டு. வாரக்கணக்கில் பொதிசெய்து வரும் மருந்துப் பைகளில் நேரம் சரியாக அச்சாகியிருந்தாலும் பனியில் வண்டி பிந்தினால் பத்து மணி மாத்திரை பத்தேமுக்காலுக்குத்தான் உள்ளே போகும்.

பூனைக்காலியின் மறுவரவு

சேப்பாக்கத்தில் பிரித்த விதை அண்மையில் ஆய்வுக்குத் திரும்பியிருக்கிறது. 2004இல் எட்டுப் பேரிடம் நடந்த சோதனையில் 30 கிராம் பூனைக்காலிப் பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாகப் பிடித்தது, மிகையியக்கம் கூடவில்லை. 2017இல் பொலிவியாவில் 18 பேரிடம் சிலியாவின் குழுவே ஒற்றை வேளைகளைச் சோதித்து ஒத்த முடிவு கண்டது. மருந்து வாங்க இயலாத நாடுகளுக்கு இது பெரிய செய்தி.

மருந்து கிடைக்கும் நாட்டில் நிலைமை வேறு. பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு மாறுகிறது. கார்பிடோபா இல்லாததால் வயிறு தாங்குவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் ‘இது மூலிகைதானே’ என்ற எண்ணத்தில் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து, மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், மொத்த அளவு எவருக்கும் தெரியாமல் கூடிவிடும். சித்த மருத்துவத்தின் நடுக்குவாதத்தைப் பார்க்கின்சனோடு முழுதாகச் சமன்படுத்துவதும் பொருந்தாது. ஆனால் பூனைக்காலியைப் புறக்கணிப்பது அதைவிடத் தவறு. அது மூலிகை வேடத்தில் இருக்கும் அதே லெவோடோபா. மாத்திரையைப் போலவே கணக்கில் சேர வேண்டியது.

தீராதவை

லெவோடோபா மூளையைக் கெடுக்காது என்பதும், தேவைப்படும்போது தொடங்குவதைத் தாமதிப்பதால் இலாபம் இல்லை என்பதும் போதிய வலுவோடு நிற்கின்றன. தேவை எப்போது தொடங்குகிறது என்பதற்குச் சான்று இல்லை; தையல் வேலை செய்பவருக்கு ஒரு விரலின் மந்தமே தேவை, ஓய்வுபெற்றவருக்கு அப்படியன்று. 400 மில்லிகிராம் என்ற எல்லை பின்னோக்கிய பகுப்பாய்வில் கிடைத்தது. அதைச் சட்டமாக்கிக் கால்கள் ஒட்டிக்கொள்ளும் நோயாளியைப் பட்டினி போடுவதும் தவறாகலாம். ஒரு மருந்தை இன்னொன்றாக மாற்றப் பயன்படும் சமன் அளவு அட்டவணைகள், பிராமிபெக்சோல் 1 மில்லிகிராம் என்பது லெவோடோபா 100 என்பன போன்றவை, தோராயங்கள். நடையில் சமமானவை மாயத்தோற்றத்தில் சமமாவதில்லை.

குழாய்வழி ஓட்டத்தை முன்கூட்டியே தொடங்கினால் மிகையியக்கம் வராமலே தடுக்கலாமா என்பது இன்னும் விடையற்றது. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் மிகையியக்கத்தையும் மந்தத்தையும் நாள் முழுதும் வரைகின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்து மருந்தை மாற்றியவர்களின் வாழ்க்கை மேம்படுகிறதா என்பதில் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. பெருஞ்சோதனைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்க உடல்களில் நடந்தவை. மெலிந்த தெற்காசிய முதியவருக்கு எடைக்கேற்ற அளவு எது, உழுந்தும் பருப்பும் பாலும் கலந்த உணவில் புரதத்தை எப்படிப் பங்கிடுவது என்பவற்றுக்கு இன்று கையில் இருப்பவை வேறு உடல்களிலிருந்தும் வேறு சமையலறைகளிலிருந்தும் ஊகித்த விடைகளே. எல்லிங்ஸ்ருட்டின் முதல் தலைமுறைக்கு அளவு எழுதும் மருத்துவர் அந்த ஊகத்தில் தொடங்கி, வீட்டார் எழுதிவரும் அரைமணிக் குறிப்பைப் பார்த்து, அரை மாத்திரை அரை மாத்திரையாகத் திருத்திக்கொண்டு போகிறார்.